லீலாபாய் இண்டஸ்ட்ரீஸின் இரண்டு துளைகள்

குலசேகரம் சந்தையில் நின்று சுயம்புராஜ் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மலேசியா மூளை வீடு எது என்று கேட்டால், கேள்வி முடியும் முன்பே ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிவிடுவார். ஊர் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கிண்டல் புரியாமல் இருப்பது ஒரு பாக்கியம், அது அவருக்குத் தாராளமாக வாய்த்திருந்தது.

வயது ஐம்பத்தெட்டு. தொழில், ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் செய்து விற்பது. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றித் தட்டில் உறைய வைத்தால் வெள்ளைக் கட்டியாக நிற்கும். அதை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் மறுபக்கம் ஷீட்டாக வரும். ஊரெல்லாம் கையால் சுற்றிக்கொண்டிருந்த உருளையை மோட்டாரில் சுற்ற வைத்தவர் சுயம்புராஜ்தான். மேற்குப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிக்கு மேல் அவர் மெஷின்தான் ஓடுகிறது. இதெல்லாம் உண்மை. இதில் ஒரு ஆணியைக்கூட அவர் சொந்தமாக யோசித்துச் செய்யவில்லை என்பதும் உண்மை.

கல்யாணமான ஏழாம் மாதம் மலேசியாவுக்குப் போனவர். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஆலை. ஐந்து வருஷம் ஷீட் மெஷினுக்குள் ரப்பர் கட்டியைத் தள்ளிக் கொடுத்தார். கூடவே அந்த மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களவாடினார். களவு என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. "படிச்சேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மெஷின் கழுவும் சாக்கில் கயிறு பிடித்தும் சாண் போட்டும் ஒவ்வொரு உறுப்பாக அளந்தார். வரைந்த காகிதத்தோடு வாசலில் மாட்டினால் வேலை போய்விடும். அதனால் அளவுகளைப் பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்தில் வைத்து ஊருக்கு அனுப்பினார்.

"அன்புள்ள லீலாவுக்கு, நலம், நலமறிய ஆவல். பெரிய உருளை நீளம் இருபத்திரண்டரை இஞ்சு. பல்சக்கரத்துக்குப் பல் முப்பத்தாறு. முன்பக்கத் தகட்டில் இரண்டு துளை, உள்ளே மரை ஓடியிருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை, எதற்கும் குறித்து வை. உடம்பைப் பார்த்துக்கொள்."

லீலாபாய் இந்தக் கடிதங்களைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். ஏழு மாதம் கூட இருந்துவிட்டுப் புருஷனை அனுப்பிய பெண் கடிதத்தில் எதைத் தேடுவாள் என்று அந்த மூளைக்குத் தோன்றவே இல்லை. ஐந்து வருஷத்தில் ஒரு மெஷின் முழுசாகக் கடிதத்தில் வந்து சேர்ந்தது. அவளைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

வெளிநாடு போனவன் எதையும் அங்கே விட்டுவிட்டு வருவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. சுயம்புராஜ் கம்பளி கொண்டுவந்தார், கோடாலித் தைலம் கொண்டுவந்தார், பாதி கரைந்த சோப்பு கொண்டுவந்தார், ஆலை கொடுத்த பூட்ஸைக் கொண்டுவந்தார். தங்கியிருந்த அறையில் துண்டு காயப்போட்ட கம்பிச் சட்டத்தையும் கழற்றிக் கொண்டுவந்தார். ப வடிவத்தில் வளைந்து, நடுவே ஐந்து மெல்லிய கம்பிகள் ஓடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம். ஆலைக்குப் பின்னால் அந்த மாதிரி சட்டங்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. வேண்டியவர்கள் எடுத்துவந்து துணி காயப்போட்டார்கள். எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில் துருப்பிடிக்காத சாமான் சும்மா கிடைத்தால் அவர் விடுவாரா? கிணற்றடிச் சுவரில் இரண்டு ஆணி அடித்து மாட்டினார். இருபத்து மூன்று வருஷமாக லீலாபாய் அதில்தான் துணி உலர்த்துகிறாள்.

பட்டறை தொடங்கினார். பெண்கள் பெயரில் தொடங்கினால் அரசாங்க மானியம் உண்டு என்று கேள்விப்பட்டதும் லீலாபாய் இண்டஸ்ட்ரீஸ் என்று போர்டு வைத்தார். உரிமையாளர் லீலாபாய். உரிமையாளருக்கு அந்தப் பட்டறையில் இருந்த ஒரே உரிமை, அவர் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவது.

மெஷினில் அந்த இரண்டு துளைகளையும் விடாமல் போட்டார். எதற்கென்று தெரியாவிட்டாலும் போட்டார். அவருடைய தொழில் தர்மம் அது, பார்த்ததில் ஒரு பொட்டைக்கூட விடமாட்டார். வாங்க வந்தவர்கள் துளையில் விரலை விட்டுப் பார்த்து என்ன இது என்று கேட்டார்கள்.

"மெஷினுக்குக் கண்ணு லே அது. கண்ணு இல்லாத்த மெஷினு குருட்டு மெஷினாக்கும்" என்றார் சுயம்புராஜ்.

மரியாதையாக நம்பினார்கள். ஆயுதபூஜை வந்தால் மெஷினைக் கழுவி, இரண்டு துளையையும் சுற்றிச் சந்தனம் அப்பி, இரண்டுக்கும் நடுவில் குங்குமம் வைத்தார்கள். ஒரு பொய்யைச் சொன்னவனே மறந்துபோகும் அளவுக்கு ஊர் அதைக் கும்பிட்டது.

மூன்றாவது மெஷின் செய்து முடித்த அன்று பரிசோதனைக்கு ரப்பர் கட்டியைக் கொடுத்தவள் லீலாபாய். கட்டி வழுக்கியது. அழுத்திக் கொடுத்தாள். உருளை கட்டியோடு சேர்த்து வலது கையையும் இழுத்தது. சுயம்புராஜ் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தும்போது ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயிருந்தன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பில் அவள் காதோரம் குனிந்தார். ஆறுதல் சொல்லத்தான் குனிகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஏட்டி, ஆரு கேட்டாலும் சக்க வெட்டும்போ கத்தி பட்டுதுன்னு சொல்லு, கேட்டியா. மெஷினுக்கப் பேரு கெட்டுப்போச்சுன்னா பின்ன ஒருத்தனும் வாங்க மாட்டான்."

இருபது வருஷமாக அவள் அப்படியேதான் சொல்கிறாள். பலாப்பழத்தைப் பார்த்தாலே ஊர்ப் பெண்கள் அவள் கையைப் பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாள் அநியாயம் நடந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் வினோஜ், சீனாவிலிருந்து ஷீட் மெஷின் இறக்கினான். சுயம்புராஜ் விலையில் பாதி. அவர் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். அதே உருளை, அதே முப்பத்தாறு பல், அதே இரண்டு துளை. துளையைச் சுற்றி இரண்டு மஞ்சள் வட்டம், இரண்டுக்கும் நடுவில் சிவப்புப் புள்ளி, அச்சு மாறாமல் பெயிண்டில் அடித்திருந்தது.

நடந்தது இதுதான். வினோஜ் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து சுயம்புராஜின் பழைய மெஷின் ஒன்றை வாங்கி, மாதிரிக்குச் சீனாவுக்கு அனுப்பியிருக்கிறான். ஆயுதபூஜை முடிந்த வாரம். சந்தனம் துளையைச் சுற்றிக் காய்ந்து ஒட்டியிருந்திருக்கிறது. சீனாக்காரனுக்கு அது சந்தனமா சாயமா என்று என்ன தெரியும்? இருந்ததை இருந்தபடி செய்தான். அவனும் ஒரு பொட்டு விடாத ஆள்தான்.

சுயம்புராஜ் கடை வாசலிலேயே கத்தினார். "கள்ளப் பயலுவ! சொந்தமா ஒரு திருகாணி செய்யத் தெரியாத்த கூட்டம்! ஒலகம் பூராவும் களவாண்டு களவாண்டுதான் பெரிய நாடாயிட்டானுவ. நாம ராப்பகலா மண்டையப் போட்டு ஒடச்சு ஒண்ணு கண்டுபிடிச்சா, அவன் ஒத்த நாளையில அடிச்சிட்டுப் போறான்!"

வினோஜ் கல்லாவில் இருந்தபடி பல் குத்திக்கொண்டிருந்தான். "நீங்க மலேசியாவுல மண்டைய ஒடச்சீங்க, அவன் குலசேகரத்துல ஒடச்சான், அண்ணாச்சி" என்றான்.

"நான் செய்தது படிப்பு லே! நம்ம பாவப்பட்ட நாடு. குறுமொளவும் கிராம்பும் கப்பல் கப்பலா அள்ளிட்டுப் போனானுவ, நமக்கு ஆரு என்ன தந்தா? நாம அங்க இருந்து ஒண்ணு எடுத்தா அது நாட்டுக்குச் சேவை. அவன் இங்க இருந்து எடுத்தா களவு."

"சைனாக்காரனும் அவனுக்க ஊருல இதையேதான் சொல்லுவான்."

சுயம்புராஜுக்கு இது காதில் ஏறவில்லை. களவு என்பது எல்லைக் கோட்டைத் தாண்டி எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்தது என்று அவர் மனசார நம்பினார். உள்ளே வந்தால் வளர்ச்சி, வெளியே போனால் கொள்ளை. இந்தச் சாஸ்திரம் அவர் ஒருவருடையது அல்ல. எல்லா நாட்டிலும் பெரிய பெரிய மேஜைகளுக்குப் பின்னால் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதும் இதுதான். அவர்கள் இஸ்திரி போட்ட மொழியில் பேசுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த மாதம் நல்ல வாய்ப்பு வந்தது. வெளிநாட்டு நகல்களால் பாதிக்கப்பட்ட சிறுதொழில்காரர்களை விசாரிக்க மூன்று அதிகாரிகள் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மெஷினின் வடிவம் லீலாபாய் இண்டஸ்ட்ரீஸுக்குச் சொந்தம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து நிற்கும் வினோஜின் கண்டெய்னர் வெளியே வராது. எழுதிக் கொடுக்காவிட்டால் ஓணத்துக்குள் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். சுயம்புராஜ் புது வேட்டி கட்டினார். தன் மெஷின் ஒன்றையும் சீன மெஷின் ஒன்றையும் டெம்போவில் ஏற்றினார். உரிமையாளர் என்பதால் லீலாபாயையும் ஏற்றினார்.

விசாரணைக் கூடத்தில் முதலில் உரிமையாளர் கையெழுத்து. லீலாபாய் பேனாவைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மெதுவாக எழுதினாள். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரு பெண், இன்ஜினியர். லீலாபாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில என்னம்மா ஆச்சு?"

லீலாபாய் வாயைத் திறக்குமுன் சுயம்புராஜ் முந்திக்கொண்டார். "சக்க வெட்டும்போ கத்தி பட்டது மேடம்."

"வலது கைக்காரங்கதானே நீங்க? கத்தியைப் பிடிச்ச கையிலயா வெட்டுப்படும்?"

இருபது வருஷத்தில் குலசேகரத்தில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி. லீலாபாய் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சுயம்புராஜ் சிரித்து, இருமி, சீன மெஷின் மேல் போட்டிருந்த துணியை அவசரமாக உருவினார்.

அதன் பிறகு ஒரு பத்து நிமிஷம் அவருடைய வாழ்நாளின் பொற்காலம். மஞ்சள் வட்டங்களைக் காட்டினார். சிவப்புப் புள்ளியைக் காட்டினார். ஆயுதபூஜைக் கதையைச் சொன்னார். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒரு அதிகாரி எழுந்து வந்து செல்போனில் படம் பிடித்தார். "சந்தனத்தையே காப்பி அடிச்சிருக்கான் சார்! இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்? இந்த ரண்டு கண்ணும் எனக்க மூளையில உதிச்சது. உலகத்துல வேற எந்த மெஷின்லயும் கிடையாது!" என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா கேட்டார். "ரொம்ப சரி. இந்தத் துளை எதுக்கு?"

"கண்ணு மேடம்."

"கண்ணுக்கு மரை எதுக்கு? உள்ளே மரை வெட்டியிருக்கீங்களே. ஏதோ ஒண்ணை முறுக்கி மாட்டத்தானே மரை வெட்டுவாங்க?"

சுயம்புராஜ் காற்றோட்டம் என்றார். பிறகு எண்ணெய் விட என்றார். பிறகு அழகுக்கு என்றார். மூன்று காரணத்தையும் அந்த அம்மா தலையாட்டாமல் கேட்டுக்கொண்டார். எதிர்த்தரப்பாக வந்து உட்கார்ந்திருந்த வினோஜ் இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவன் மாதிரி எழுந்து, பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தான். இணையத்தில் தேடிப் பிடித்த படம். மலேசிய மெஷின், முப்பது வருஷத்துக்கு முந்தைய விளம்பரம். அதே உருளை, அதே முன்தகடு, அதே இரண்டு துளை. துளைகளில் இரண்டு போல்ட். போல்ட் இரண்டும் சேர்த்துப் பிடித்திருந்தது, ப வடிவத்தில் வளைந்து நடுவே ஐந்து மெல்லிய கம்பிகள் ஓடும் ஒரு ஸ்டீல் சட்டத்தை.

"கை போகாம இருக்கிறதுக்கான தடுப்பு இது" என்றார் அந்த அம்மா. "கட்டி மட்டும் அடியில நுழையும், விரல் நுழையாது. வேலை மெதுவாகுதுன்னு ஆலைகள்ல முதல்ல இதைத்தான் கழற்றி எறிவாங்க. நீங்க பார்த்தது கழற்றின மெஷினைத்தான், இல்லையா? அதனால கழற்றினதையே செஞ்சீங்க. உங்களைப் பார்த்து அவங்க செஞ்சாங்க." வினோஜ் பக்கம் திரும்பினார். "நீங்க சிரிக்காதீங்க. இந்தப் படத்தைக் கையில வச்சுக்கிட்டே தடுப்பு இல்லாத மெஷினை விக்கிறீங்க. இவர் தெரியாம செஞ்சார், நீங்க தெரிஞ்சு செய்றீங்க."

பிறகு பேனாவை மூடினார். "இந்த ரப்பர் மரத்தையே ஒரு காலத்துல வெள்ளைக்காரங்க பிரேசில்ல இருந்து விதையா எடுத்துட்டு வந்தாங்க. பிரேசில்காரங்க இன்னைக்கும் அதைக் களவுன்னுதான் சொல்றாங்க. ஆனா மரத்தை எடுத்தவங்க பட்டையை எத்தனை ஆழம் சீவணும்னு மெனக்கெட்டுக் கண்டுபிடிச்சாங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் துளையைக்கூட ஏன்னு கேக்கலை, இன்னொருத்தர் தெரிஞ்சும் மாட்டலை." தடுப்பு மாட்டும் வரை இரண்டு மெஷினும் விற்கக் கூடாது என்று எழுதினார். கடைசியாக, இதுவரை இந்த மெஷினில் யாருக்காவது காயம் உண்டா என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் இல்ல மேடம்" என்றார் சுயம்புராஜ்.

லீலாபாய் அப்போது அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அருகில் போய், குனிந்து, கிட்டத்தில் பார்த்தாள். சட்டத்தின் இரண்டு முனையிலும் தட்டையாக அடித்து ஓட்டை போட்டிருக்கும் இடத்தைப் பார்த்தாள். காலையில் புறப்படும் முன் இந்தப் புது வேட்டியின் ஜோடித் துண்டை அவள் அதில்தான் காயப்போட்டுவிட்டு வந்திருந்தாள்.

திரும்பி வரும் டெம்போவில் சுயம்புராஜ் தக்கலை வரை சீனாவைத் திட்டினார். தக்கலை தாண்டியதும் மலேசியாவைத் திட்டினார். தடுப்பைக் கழற்றிப்போட்ட ஆலைக்காரனைத் திட்டினார். படித்த பெண்களை அதிகாரத்தில் வைத்த அரசாங்கத்தைத் திட்டினார். அந்தச் சட்டத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நடுவில் ஒரு நிமிஷம் யோசித்தார். இருபத்து மூன்று வருஷமாகத் தன் கோவணம் முதல் காய்கிற சாமான் அது என்பது அந்த மூளைக்குப் பிடிபடவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து வைத்தவர், துணி போர்த்திக் கிடந்த ஒன்றை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் லீலாபாய் நேரே கிணற்றடிக்குப் போனாள். துண்டு, சட்டை, பாவாடை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லின் மேல் போட்டாள். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள். டெம்போவிலிருந்து அப்போதுதான் இறக்கி வைத்த மெஷினின் முன்தகட்டில் வைத்தாள். ஓட்டைக்கு ஓட்டை நேராக நின்றது. அரை இஞ்சு போல்ட் இரண்டை எடுத்து, இரண்டு விரலாலும் இடது கையாலும் முறுக்கினாள். கொஞ்சம்கூட இடறாமல் மரை ஏறியது.

சுயம்புராஜ் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார்.

லீலாபாய் மோட்டாரைப் போட்டாள். உருளைகள் சுற்றின. தன் வலது கையைத் தடுப்புக்கு நேராகக் கொண்டுபோய் அழுத்தினாள். மிச்சம் இருந்த இரண்டு விரலும் கம்பியில் முட்டி நின்றன, உள்ளே போகவில்லை. மறுபடி அழுத்தினாள். போகவில்லை.

"நம்ம வீட்டுலதான் இருந்துச்சு" என்றாள். "வெரலு போன அன்னைக்கும் இதுலதான் நான் துணி காயப்போட்டேன்."

ஒரு மனிதன் காலில் விழ வேண்டிய இடம் அது. சரி, காலில் விழாவிட்டாலும் சும்மாவாவது நின்றிருக்கலாம். சுயம்புராஜ் கிட்டே வந்தார், சட்டத்தைத் தடவினார், வளைவைச் சாண் போட்டு அளந்தார். கண்ணில் பழைய ஈப்போ வெளிச்சம் வந்துவிட்டது.

"ஏட்டி லீலா, கொள்ளாமே இது! சைனாக்காரனுக்கிட்ட இது கிடையாது பாத்தியா. அவன் செய்யதுக்கு முன்ன நாம இத நம்ம பேருல பதிஞ்சு போடணும். மலேசியாக்காரன் முப்பது வருசத்துக்கு முன்னால விட்டுக் களஞ்சதுதானே, இனி ஆரு கேக்க வாரான்?" பட்டறை மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். டிசைன் பதிவுக்கு விண்ணப்பம் ஒன்றை எப்போதும் அதில் வைத்திருப்பார். விறுவிறுவென்று நிரப்பினார். பொருள்: கைக் காவல் சட்டம். உருவாக்கியவர்: சுயம்புராஜ். உரிமையாளர் கையெழுத்து என்ற இடத்தில் விரலை வைத்துக் காகிதத்தை நீட்டினார்.

லீலாபாய் மோட்டாரை நிறுத்தினாள். காகிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் படித்த நாட்களில் தேடிய மாதிரி, ஒரு வரி விடாமல் தேடினாள்.

"ஒப்பு போடு ஏட்டி. நாளைக்கே அனுப்பணும்."

"போடுகேன்" என்றாள் லீலாபாய். காகிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வலது கையை விரித்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "மொதல்ல எனக்க மூணு வெரலையும் களவாண்டது ஆருன்னு அதுல எழுதுங்க. பின்ன போடுகேன்."

அந்த விண்ணப்பம் இன்னும் பட்டறை மேஜையில்தான் கிடக்கிறது. தடுப்பு மாட்டியாயிற்று என்று எழுதிக் கொடுக்காமல் மெஷின் விற்க வழியில்லை, உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் அந்தக் காகிதமும் நகராது. சுயம்புராஜ் தினமும் காலையில் பேனாவை எடுத்து, அவள் எழுதச் சொன்ன வரிக்காகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சொந்தமாக எழுத வேண்டிய ஒரே வரி அது.